போத்தல் பாலா, இரவல் தாயா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இரவல் தாயின் கட்சி. இரண்டு மாரிகளில் இரண்டு ஈற்று நாய்க்குட்டிகள் என் கைக்கு வந்தன. முதல் ஈற்றைப் போத்தலில் வளர்த்தேன், இரண்டாவதை அயலில் குட்டி போட்டிருந்த ஒரு பெட்டையிடம் விட்டேன். முதலாவதில் ஐந்துக்கு மூன்று தப்பின, இரண்டாவதில் நான்குக்கு நான்கும் தப்பின. ஒன்பது குட்டிகளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் ஏன் அப்படி ஆனது என்பது இப்போது ஓரளவு விளங்குகிறது.

முதல் ஐந்தும் மார்கழியில் வந்தவை. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் தாய் இரவு வாகனத்தில் அடிபட்டுக் கிடந்தது, குட்டிகள் பக்கத்து மதகுக்குள். கண் திறக்கவில்லை, தொப்புள் காய்ந்து விழுந்திருந்தது. அதாவது பிறந்து ஐந்தாறு நாள் இருக்கலாம். நாய்க்குட்டிக்குக் கண் திறக்க 10 முதல் 14 நாள் ஆகும், காது அதற்கும் கொஞ்சம் பிந்தித்தான் திறக்கும். மழையில் நனைந்த ஐந்தையும் சாரத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, நான் செய்த முதல் வேலை பால் காய்ச்சியது. அதுதான் பிழை. எப்படிப் பிழை என்று கீழே வருகிறேன்.

காசு விசயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நாய்க்குட்டிக்கென்று விற்கிற பால்மா மலிவில்லை, எங்கள் பக்கத்தில் நினைத்தவுடன் கிடைப்பதும் இல்லை, வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து யாராவது வாங்கி வர வேண்டும். இரவல் தாய்க்குச் சோறும் மீனும் போதும். இதில் யார் வெல்வது என்று சொல்லத் தேவையில்லை. நித்திரை விசயமும் அப்படித்தான். போத்தல் என்றால் முதல் கிழமை இரண்டு மூன்று மணிக்கொருதரம் எழும்ப வேண்டும். ஐந்து குட்டிக்கும் ஊட்டி முடிய முக்கால் மணி நேரம், பிறகு கழுவி அவித்து வைத்துவிட்டுப் படுக்கப் போனால் அடுத்த முறை வந்துவிடும். பத்து நாள் போனபின் நான் வீட்டு ஆட்களோடு நல்ல மாதிரிக் கதைத்ததாக நினைவில்லை.

எல்லோரும் என்னிடம் கேட்பது எந்தப் பால் என்றுதான். பசுப்பாலா, ஆட்டுப்பாலா, ரின்பாலா, பிள்ளைகளின் பால்மாவா. நாய்ப்பால் பசுப்பாலை விடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தடிப்பு, கொழுப்பும் புரதமும் கூட, பால்சீனி குறைவு. அதனால்தான் பசுப்பாலை நிறையக் கொடுத்தால் வயிற்றால் போகிறது, உடம்பும் வைக்காது. ஆட்டுப்பால் நாய்ப்பால் மாதிரியே என்று ஊரில் சொல்வார்கள், அது சரியில்லை, அதுவும் பசுப்பாலுக்குக் கிட்டத்தான் நிற்கிறது. ஆனாலும் பால்மா வந்துசேரும்வரை இரண்டு மூன்று நாளைக்குக் கொதிக்க வைத்து ஆறவிட்ட ஆட்டுப்பாலில் முட்டை மஞ்சட்கரு அடித்துக் கலந்து சமாளித்தேன், குட்டிகள் குடித்தன. வெள்ளைக்கரு சேர்க்கவில்லை. சீனியும் வேண்டாம். ரின்பால் வேண்டவே வேண்டாம். ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு 4 மில்லிலீற்றர் என்ற கணக்கில் நிறுத்துவது நல்லது, குட்டியின் வயிறு அவ்வளவுதான் கொள்ளும். பால் சுத்தமாகவும் இளஞ்சூடாகவும் இருந்து, குட்டியும் குப்புறக் கிடந்து குடித்தால், பாலில் பெரிய பிழை வராது. கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்துப் பருக்கினால் பால் நெஞ்சுக்குள் போய்விடும்.

எனக்குச் செத்த இரண்டும் பாலால் சாகவில்லை, குளிரால் செத்தன. அதைவிடச் சரியாகச் சொன்னால், குளிர்ந்து கிடந்த குட்டிக்கு நான் பால் பருக்கியதால்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், என் முடிவெல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது. பிறந்த நாய்க்குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்திருக்கத் தெரியாது. முதல் கிழமையில் அதற்கு நடுங்கக்கூட வராது. இரண்டு மூன்று கிழமை வரைக்கும் வெளியிலிருந்து வரும் சூடுதான் அதன் சூடு. முதல் கிழமையில் அது படுக்கிற இடம் 29 முதல் 32 பாகை வரை இருக்க வேண்டும். வன்னியில் என்ன குளிர் என்று சிரிப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். மார்கழி, தையில் எங்கள் இரவு 21, 22 பாகைக்கு இறங்கும், மழையும் வாடைக்காற்றும் சேர்ந்தால் சீமெந்து நிலம் ஐஸ். நமக்கு ஒரு போர்வை போதும், 300 கிராம் குட்டிக்கு அந்தப் பத்துப் பாகை வித்தியாசம் உயிர். குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. உள்ளே போன பால் செமிக்காமல் கிடந்து புளிக்கும், இல்லையென்றால் விழுங்கத் தெம்பில்லாமல் சுவாசப்பைக்குள் இறங்கும். மதகுக்குள்ளிருந்து வந்ததில் ஆகச் சின்னனுக்கு நான் இரவிரவாகச் சொட்டுச் சொட்டாகப் பருக்கினேன். விடியக் காலை மூக்கால் பால் வந்திருந்தது. அடுத்த நாள் இன்னொன்று.

மூன்றாம் நாள் பின்வளவு ஆச்சி வந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, "பால் பாலெண்டு ஓடாதை பிள்ளை, முதல் அதுகளைச் சூடாக்கு" என்றா. பிறகு மிருக வைத்தியரும் அதையேதான் இலக்கத்தோடு சொன்னார்: தேமாமீற்றரில் தேங்காயெண்ணெய் பூசிப் பின்பக்கத்தில் வைத்துப் பார், 34 பாகைக்குக் கீழே என்றால் ஒரு சொட்டும் கொடுக்காதே, மெல்ல மெல்லச் சூடேற்றி, வாய்க்குள் விரல் வைத்தால் உறிஞ்சத் தொடங்கியபின் பால் கொடு. மெல்ல என்றால் மணிக்கணக்கில். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து ஒரேயடியாகச் சூடாக்கினாலும் ஆபத்து. சாரத்துக்குள் வயிற்றோடு அணைத்து வைத்திருப்பதுதான் நான் கண்ட நல்ல வழி, ஆனால் அப்படி எத்தனை குட்டியை எத்தனை மணித்தியாலம் வைத்திருப்பீர்கள்?

பெட்டிக்குச் சூடு கொடுக்கக் கோழிக்குஞ்சுக்குப் போடுவது மாதிரி பல்ப் போடலாம் என்றார்கள். இப்போது கடையில் இருப்பதெல்லாம் எல்இடி, வெளிச்சம்தான் வரும், சூடு வராது. பழைய குண்டு பல்ப் ஒன்று தேடிப் பிடித்துப் போட்டேன். நல்ல மழை பெய்த இரவில் எங்கேயோ மரக்கொப்பு விழுந்து கரண்ட் போனது. பிறகு வெறும் சாராயப் போத்தல்களில் சுடுதண்ணி நிரப்பித் துவாயில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைத்தேன். ஒரு பக்கம் மட்டும் என்பது முக்கியம், சூடு கூடினால் குட்டி ஊர்ந்து மற்றப் பக்கம் போக இடம் வேண்டும். குவிந்து கிடந்து கத்தினால் குளிர், ஆளுக்கொரு மூலையில் பரந்து கிடந்து கத்தினால் வெக்கை, சத்தமில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தால் சரி. போத்தல் இரண்டு மணித்தியாலத்தில் ஆறிவிடும். ஆறிய போத்தல் இருக்கிற சூட்டையும் இழுத்துக்கொள்ளும், அதனால் பால் இல்லாத நேரத்திலும் எழும்ப வேண்டும். இவ்வளவையும் ஒரு பெட்டை நாய் நித்திரையிலேயே செய்கிறது.

இன்னொரு வேலையும் அது செய்கிறது, கேட்டால் சிரிப்பு வரும். மூன்று கிழமை வரை குட்டிக்குத் தானாக மூத்திரமும் மலமும் போக வராது. தாய் நக்கினால்தான் போகும். போத்தல்காரர் ஒவ்வொரு முறை ஊட்டியபின்னும் இளஞ்சூட்டுத் தண்ணியில் பஞ்சை நனைத்து அந்த இடத்தைத் தடவிவிட வேண்டும். ஒருமுறை தவறினாலே வயிறு ஊதி, குட்டி கத்தத் தொடங்கும். நான் ஒருநாள் அலுப்பில் விட்டுவிட்டு, என்ன நோயோ என்று அரை நாள் பதறினேன்.

சரி, இரண்டாவது ஈற்று. இதுவும் மாரிதான், கார்த்திகை. யாரோ உரப்பையில் கட்டிச் சந்தைக்குப் பின்னால் போட்டிருந்தார்கள், நான்கு குட்டிகள், கண் அப்போதுதான் கீறலாகத் திறந்திருந்தது. இந்தமுறை பால் காய்ச்சவில்லை. நான்கையும் சாரத்துக்குள் வைத்துக்கொண்டு, ஊரில் எந்த வீட்டில் நாய் குட்டி போட்டிருக்கிறது என்று விசாரித்தேன். பால் கொண்டுபோகிற அண்ணையைக் கேட்டால் போதும், அவருக்கு எல்லா வீட்டு நாயையும் தெரியும், கடி வாங்காமல் பிழைப்பு நடத்த வேண்டுமே. நான்காவது வீட்டில் கறுப்பி. மூன்றாம் ஈற்று, மூன்று குட்டி, எங்களுடையதை விட ஐந்து நாள் இளையவை. வீட்டுக்கார அக்கா, "அவள் கோழிக்குஞ்சையும் நக்கிறவள், விட்டுப் பாருங்கோ" என்றா.

கறுப்பியை வெளியே கூட்டிப்போய்ச் சாப்பாடு வைத்தோம். அந்த நேரத்தில் அவள் படுத்த சாக்கால் புதுக்குட்டிகளைத் துடைத்து, அவளுடைய குட்டிகளோடு கலந்து ஒன்றாக உருட்டிவிட்டோம், மணம் ஒன்றாக வரட்டும் என்று. திரும்பி வந்தவள் மோந்தாள், ஒன்றைப் புரட்டினாள், என்னைப் பார்த்தாள், பிறகு நக்கத் தொடங்கினாள். எனக்குக் கண் கலங்கியது, மழை என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனாலும் அன்றிரவு முழுக்க அக்காவும் நானும் மாறிமாறி ரோச் அடித்துப் பார்த்தோம். உறுமினாலோ முதுகு மயிர் சிலிர்த்தாலோ அந்தக் கணமே குட்டியை எடுத்துவிட வேண்டும், சில பெட்டைகள் கடித்துப் போடும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு என் வேலை கறுப்பிக்குச் சாப்பாடு போட்டதுதான். ஏழு குட்டிக்குப் பால் கொடுக்கிற நாய் மூன்றாம் நான்காம் கிழமையில் வழமையாகத் தின்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு தின்னும். குளத்து மீன்தலை அவித்துச் சோற்றோடு பிசைந்து ஒரு நாளைக்கு நாலு வேளை, எந்நேரமும் தண்ணி. அவள் மெலிந்தாள், அதை மறைக்கவில்லை. பால் கொடுக்கிற நாய் மூச்சு வாங்கிக்கொண்டு கால் விறைத்து நடுங்கினால் அது சுண்ணாம்புச்சத்துக் குறைவு, உடனே வைத்தியரிடம் ஓட வேண்டும். எங்களுக்கு அப்படி வரவில்லை. ஆகச் சின்னக் குட்டியைப் பின்முலையில் பிடித்துவிடுவேன், அங்கேதான் பால் கூட. அதற்கு மட்டும் நாளுக்கு மூன்று தரம் போத்தலும் கொடுத்தேன். ஆக, நானும் முழுச் சுத்தமான கட்சிக்காரன் இல்லை. சமையல் தராசில் தினமும் நிறுத்தேன், எடை ஒருநாள்கூட இறங்கவில்லை.

போத்தல் வெல்லும் இடமும் உண்டு. எந்தக் குட்டி எவ்வளவு குடித்தது என்று மில்லிலீற்றர் கணக்கில் தெரியும். முக்கியமாக, வீதியில் எடுத்த குட்டி என்ன நோயோடு வருகிறதென்று யாருக்கும் தெரியாது, அதைக் கொண்டுபோய் இன்னொருவர் வீட்டுக் குட்டிகளோடு விடுவது அவர்களுடையதையும் பந்தயத்தில் வைப்பது. சொறியோ வயிற்றோட்டமோ இருந்திருந்தால் நான் கறுப்பியிடம் போயிருக்க மாட்டேன். தெள்ளை மட்டும் முதலே சீப்பால் வாரி எடுத்துவிட்டேன், உண்ணிக்குப் போடும் பவுடரை இந்த வயதில் தொடக்கூடாது. கறுப்பி ஒருத்தியைத்தான் நான் கண்டிருக்கிறேன் என்பதையும் சேர்த்து வாசியுங்கள். முதல் ஈற்றுப் பெட்டை என்றால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

குட்டிகள் மனிதரோடு ஒட்டுமா என்று பார்த்தால், போத்தல் குட்டிகள் முதலில் கூடுதலாக ஒட்டின, இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. கறுப்பியின் கூட்டத்தை நாளும் தூக்கி நிறுத்ததும் காரணமாக இருக்கலாம்.

மூன்று கிழமை தாண்டினால் இரண்டு வழியும் ஒன்றுதான். கஞ்சியில் முள்ளெடுத்த மீனை மசித்துத் தட்டையான தட்டில் வைத்தால் முதலில் அதற்குள் நடக்கும், பிறகு நக்கும். பூச்சி மருந்து இரண்டாம் கிழமையிலேயே தொடங்கி இரண்டு கிழமைக்கொருதரம், எடை பார்த்து வைத்தியர் சொல்கிற அளவில். பூச்சி தாயின் பாலோடே வருகிறது, கறுப்பிக்கும் சேர்த்துக் கொடுத்தோம். ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் முதல் தடுப்பூசி. விசர் ஊசியை அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது, அந்த நாளை விடாதீர்கள். தெருவில் எடுத்த குட்டி கடித்தாலோ பிறாண்டினாலோ, எவ்வளவு சின்னக் குட்டியாக இருந்தாலும், சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான்கில் இரண்டு ஒட்டுசுட்டான் பக்கம் வயல்காவலுக்குப் போயின, ஒன்று பால்கார அண்ணை வீட்டில். போத்தலும் குடித்த சின்னன் எங்கள் வீட்டில்தான் நிற்கிறது, இப்போது கறுப்பியை விட உயரம். கறுப்பி வீட்டுப் படலையால் போகும்போது வாலை ஆட்டிக்கொண்டு ஓடுவான், அவள் ஒரு உறுமலோடு துரத்திவிடுவாள்.