குழந்தையின் எடைக்கு ‘எபிஜெனெடிக்’ எச்சில் கிட்: வாங்கலாமா?

மரபணுவின் எழுத்து மாறாமலேயே அதன் வேலையைக் கூட்டிக் குறைக்கும் குறிகளைப் பற்றியதுதான் ‘எபிஜெனெடிக்’. குழந்தை ஏன் குண்டாகிறது என்பதை எச்சிலை வைத்தே சொல்லிவிடுவதாக வீட்டுக்கு வரும் கிட்களில் பெரும்பாலும் இருப்பவை இவைதான்: புனல் வைத்த குழாய், டிஎன்ஏ கெடாமல் காக்கும் திரவம், பார்கோடு, திருப்பி அனுப்பும் உறை.

மாதிரி எடுப்பதிலேயே நிறைய கெடும். சாப்பிட்டு, பால் குடித்து அரை மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். வழக்கமான குழாயில் 2 மி.லி. கோடு வரை எச்சில் வேண்டும், நுரை கணக்கில் வராது. சின்னக் குழந்தைக்குத் துப்பத் தெரியாததால் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பார்கள். சிக்கல் அங்கேதான். துப்பிய எச்சிலில் வெள்ளணுக்கள் கணிசமாக இருக்கும், குச்சியில் கன்னத்தின் மேல்படலச் செல்களே அதிகம். இவ்விரண்டு செல்களின் மீத்தைல் குறிகளும் (டிஎன்ஏமேல் ஒட்டும் சிறு வேதிக் குறிகள்) வேறு வேறு. ஈறு வீங்கியிருந்தால்கூட விகிதம் மாறும். இதைத் திருத்திக் கணக்கிட்டதாக அறிக்கையில் இல்லையென்றால் அந்த எண்களை நம்ப வேண்டாம்.

பணம் கட்டுமுன் இன்னொன்றையும் கேளுங்கள்: அளப்பது மீத்தைலா, மரபணு எழுத்தா? அட்டையில் ‘எபிஜெனெடிக்’ என்று போட்டுவிட்டு உள்ளே எடையோடு தொடர்புள்ள எஃப்டிஓ மரபணுவின் எழுத்து மாற்றத்தை மட்டும் சொன்னால், அது பிறவியிலேயே வந்தது, ஆயுளுக்கும் மாறாது. மீத்தைலை அளக்க வழக்கமான வழி, டிஎன்ஏவை பைசல்பைட் என்ற வேதிப்பொருளில் நனைப்பது. மீத்தைல் ஒட்டாத சைட்டோசின் (டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று) யுராசில் என்ற வேறு எழுத்தாக மாறும், ஒட்டியது அப்படியே நிற்கும்.

சரி, அளந்தே விட்டார்கள். பிறகு? இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆய்வுக் குழு 2011-இல் ஆர்எக்ஸ்ஆர்ஏ மரபணுவின் மீத்தைலை 9 வயதுக் கொழுப்போடு இணைத்தது உண்மைதான். ஆனால் அவர்கள் பார்த்தது பிறந்தவுடன் எடுத்த தொப்புள்கொடித் திசு. எட்டு வயதுப் பிள்ளையின் எச்சிலுக்கு அது பொருந்தாது. 2017-இல் வந்த பெரிய ஆய்வொன்று, பெரியவர்களின் ரத்தத்தில் பிஎம்ஐயோடு (உயரத்துக்கேற்ற எடை அளவு) சேர்ந்து தெரியும் மீத்தைல் மாற்றங்களில் பெரும்பாலானவை எடை கூடியதன் விளைவு என்றது. குண்டானதன் தடயத்தைக் காட்டிக் காரணம் என்று விற்றால் என்ன செய்வது! கடைசிப் பக்க உணவு அறிவுரைக்கு (ஜூஸ் வேண்டாம், நேரத்துக்குத் தூங்கு) எச்சிலே தேவையில்லை.

மீத்தைல் சோதனைக்கு முழு மதிப்பெண் தரக்கூடிய இடம் ஒன்று உண்டு: பிரேடர்-வில்லி நோய். கைக்குழந்தையாக இருக்கையில் துவண்டு கிடந்து பால் உறிஞ்ச முடியாமல் தவித்த பிள்ளை, சில வருடங்களில் அடங்காப் பசியோடு எடை ஏறினால், கை கால் சிறுத்திருந்தால், ஆண் குழந்தைக்கு விதை இறங்காதிருந்தால் இதைக் கேட்டே ஆக வேண்டும். 15-ஆம் குரோமோசோமில் தந்தைவழிப் பகுதி வேலை செய்யாததே காரணம். மீத்தைல் சோதனை 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் ரத்தம் கொடுங்கள். பச்சை மூடிக் குழாயில் உள்ள ஹெபாரின், டிஎன்ஏவைப் பல நகலாக்கும் பிசிஆரைத் தடுக்கும்.

ஐந்து வயதுக்குள்ளேயே மிகக் கடுமையான பருமனும் ஓயாத பசியும் இருந்தால் பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின், எம்சி4ஆர் மரபணுக்களின் சோதனை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு, 5 வயது முதல் 18 வரை, இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 பிஎம்ஐ வரைபடம் போதும். அதில் பெரியவர்களின் பிஎம்ஐ 23-க்கு இணையான கோட்டைத் தாண்டினால் அதிக எடை, 27-க்கு இணையானதைத் தாண்டினால் பருமன். உயரத்தைச் செருப்பில்லாமல் அளக்க வேண்டும்.