தோட்டத்துத் தண்ணி லைன யார்ட கையில குடுக்கிறது: சபையா, சங்கமா?

மனிசிட ஊர் மலைநாட்டில மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். ஊத்துத் தண்ணி லைன பிரதேச சபைட்ட குடுக்கிறதா, இல்லாட்டி லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) ஆக்களே சங்கம் போட்டு நடத்துறதா எண்டு அங்க இப்ப ஒரே கதை. திருமலைல எங்கட கிராமத்திலயும் இதே கேள்வி வந்து நாங்க சங்கம் எண்டு முடிவெடுத்த ஆக்கள், அதால சகலன் கோல் எடுத்து கேட்டார். அவருக்கு சொன்னத கொஞ்சம் விரிவா போடுறன். நான் சங்கத்துப் பக்கம்தான், அத முதலே சொல்லிடுறன்.

தோட்ட நிர்வாகமே பார்க்கட்டும் எண்டு சிலர் சொல்றாங்களாம். பீலில, அதான் பொதுத் தண்ணிக் குழாயடில, வாளியோட கியூ நிண்ட ஆக்களுக்கு அதப்பத்தி நான் சொல்லத் தேவல்ல. அரசாங்க வாட்டர் போர்ட் லைன் வந்தா நல்லம், ஆனா அந்த மேட்டு லயங்களுக்கு எப்ப வரும்?

சபைக்கு இருக்கிற பெரிய பலம் சட்டம். 1987ம் ஆண்டு 15ம் இலக்க பிரதேச சபைச் சட்டத்தில 33ம் பிரிவு தடையா இருந்து, தோட்டத்துக்குள்ள சபைக் காச செலவழிக்க ஏலாத நிலைமை கன காலம், சனம் வோட்டு மட்டும் போட்டுது. 2018ல அத திருத்தினாங்க. அந்த வருஷ தேர்தலுக்கு முன்னாலயே நுவரெலியா, அம்பகமுவ எண்டு இருந்த ரெண்டு பெரிய சபைய ஆறாக்கி மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனைக்கும் தனிச் சபை வந்துட்டு. இப்ப சபைத் தலைவரான தவிசாளர பார்க்க தூரம் போகத் தேவல்ல, அது சின்ன விஷயம் இல்ல.

ஆனா என்னைக் கேட்டா லைன் போடுறது லேசு, உடைஞ்சா யார் எந்தக் காசில திருத்துறது எண்டதுதான் கேள்வி. சபைட்ட குடுத்தா பில் காசு சபை நிதிக்குள்ள போய் குப்பை ட்ரக்டர், ரோட்டு லைட் எல்லாத்தோடயும் கலந்துடும், உங்கட லைன் காசு எண்டு தனியா ஒண்டும் நிக்காது. வால்வு ஒண்டு மாத்தவும் கடிதம், கொட்டேஷன், கொஞ்சம் பெரிய வேலை எண்டா மாசத்துக்கு ஒருக்கா வாற சபைக் கூட்டம். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஊர்ல சபை ஆள் வாற வரைக்கும் வெடிச்ச பைப்புக்கு சைக்கிள் டியூப்ப கிழிச்சு சுத்தி, மேல கம்பியால இறுக்கி வச்சுத்தான் தண்ணி எடுத்தாங்க. அதவிட, 2023 மார்ச்ல சபைகள்ட காலம் முடிஞ்சு 2025 மே 6 தேர்தல் வரைக்கும் மெம்பர் எண்டு ஒருத்தரும் இல்ல, எல்லாம் செயலாளர் தலையில, அந்த நேரம் யார்ட்ட போய் சண்டை பிடிக்கிறது?

எங்கட சங்கத்தில லைன் பார்க்கிற தம்பி பக்கத்துத் தெருதான். மீட்டர் பார்க்கிறதும் அவர், குளோரின் போடுறதும் அவர், சோக்கெட்டும் பைப் கம்மும் அவர் வீட்டுத் திண்ணைலயே கிடக்கும், காலைல உடைஞ்சா பின்னேரம் தண்ணி வந்துடும். பில்லில ஒரு பங்க திருத்த வேலைக்கெண்டு தனிப் புத்தகத்தில போடுறம், தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்து வச்சாத்தான் எடுக்கலாம். பில் கட்டாதவர்ட லைன வெட்டுறதுதான் கஷ்டம், வெட்டப் போனா அவர் எங்கட மாமாவா இருப்பார்! பேச்சு வாங்கித்தான் ஆகணும்.

இன்னொண்டு, எங்களுக்கு குழாய்க்கிணறு, மோட்டர், கரண்ட் பில்லே சங்கத்த திண்டுடும். மலைல ஊத்து மேல இருக்கு, தண்ணி தானா இறங்கி வரும், கரண்ட் செலவு இல்ல. அப்ப நாங்க கட்டுறதவிட குறைஞ்ச காசிலயே அவங்க சங்கத்த ஓட்டலாம். இது புதுசும் இல்ல, பதுளை, இரத்தினபுரி, மாத்தறைல 1993லயே உலக வங்கித் திட்டத்தில கிராமத்துச் சங்கங்கள்ட கையிலதான் குடுத்தாங்க.

ரெண்டு இடத்தில மட்டும் என்னால உறுதியா சொல்ல ஏலாது. ஒண்டு காணி. ஊத்து இருக்கிறது கம்பெனி குத்தகைக்கு எடுத்த நிலத்தில, எங்களுக்கு அந்தப் பிரச்சினையே வரல்ல, துரை (தோட்ட மனேஜர்) நாளைக்கு மறிச்சா சங்கத்தால என்ன செய்யலாம் எண்டு எனக்கு அனுபவம் இல்ல. மற்றது மண்சரிவு. 2025 நவம்பர் டித்வா புயல்ல மலைநாட்டில நடந்தத பார்த்தம்தானே, அப்பிடி ஒரு சரிவு மெயின் பைப்ப அள்ளிக்கொண்டு போனா சங்கத்து புத்தகத்தில இருக்கிற காசு காணாது, அதுக்கு சபையோ மாகாண சபையோ வந்துதான் ஆகணும்.

அதால சகலனுக்கு சொன்னது இதுதான்: ஊத்தும் மெயின் லைனும் சபை பேர்ல எழுத்தில இருக்கட்டும், துரையோட கதைக்கிற வேலையும் அவங்கட. டேங்க்ல இருந்து லயத்து வாசல் வரைக்கும் சங்கம். இதுக்கு சபை ஓம் எண்டா நல்லம், ஆனா பில் காசு சபை கணக்குக்குத்தான் வரணும் எண்டு கேட்டா கையெழுத்து வைக்க வேணாம்.