போலன்-பியர்ஸா, கார்லோஸ் ஆல்ஃபாவா?

மேல் சட்ஜமே கிடைக்காத இந்த இரண்டு ஸ்கேலையும் (ஸ்வர வரிசைகளையும்), கிருஷ்ணகிரியில் வீட்டு கீபோர்டை லேப்டாப்பில் மாட்டி, பக்கத்தில் சுருதிப் பெட்டியை ஓடவிட்டு வாசித்துப் பார்த்தேன். (சென்ட் என்றாலே எங்கள் ஊரில் மாந்தோப்பு நிலம்தான் ஞாபகம் வரும், இங்கே அது ஸ்வர இடைவெளியின் அளவு, ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட்.)

1970-களில் ஹைன்ஸ் போலன் கண்டுபிடித்த போலன்-பியர்ஸ் ஸ்கேல் 3:1-இல்தான் (அதிர்வெண் மூன்று மடங்காகும் இடத்தில்தான்) திரும்ப ஆரம்பிக்கும், அதாவது மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தில். அதை 13 சமப் பங்காக்கினால் ஒரு படி சுமார் 146 சென்ட். எட்டாவது படி 1170-இல் நின்றுவிடும், பெட்டியின் சட்ஜத்தோடு உரசும்போது பல் கூசுகிறது. ஆனால் அதிர்வெண்கள் 3:5:7 விகிதத்தில் உள்ள மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து ஒரு கார்டாகப் பிடித்துப் பாருங்கள், அதுவும் கிளாரினெட் மாதிரி ஒற்றைப்படை ஹார்மானிக்ஸ் (ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் 3, 5, 7 மடங்கு அதிர்வெண்கள்) தூக்கலான சத்தத்தில், அது வேறு உலகம்.

எலக்ட்ரானிக் இசையமைப்பாளர் வெண்டி கார்லோஸின் ஆல்ஃபா ஸ்கேலில் படி 78 சென்ட்தான். ஒன்பதாவது படியில் பஞ்சமம் சுத்தமாக விழும், ஐந்தாவதில் கிட்டத்தட்ட அந்தர காந்தாரம். இதிலும் 15-ஆவது படி அதே 1170-தான், ஆனால் அதைத் தொடாமலே வாசித்துவிடலாம். விரல்தான் திண்டாடும், தைவதக் கட்டையை அழுத்தினால் பஞ்சமம் கேட்கும்.

சுருதியோடு வாசிக்க ஆல்ஃபா. சுருதிப் பெட்டியை அணைத்துவிட்டால் எனக்கு போலன்-பியர்ஸ்தான்.