மூன்றடித் தொட்டிக்கு எந்தப் பெரிய மீன்? ஏஞ்சல், டைகர் பார்ப், ஃபைட்டர், கௌராமி

மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம். வீட்டுத் தொட்டிகளில் இது பலரும் வைத்திருக்கும் அளவு. விளிம்புவரை நிரப்பினால் 127 லிட்டர் பிடிக்கும்; மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக ஏறக்குறைய 100 லிட்டர் தண்ணீர் நிற்கும். இதில் நியான் டெட்ரா என்ற சின்ன மீன் பன்னிரண்டும் அடியில் மேய ஆறு கோரிடோரஸ் மீனும் விட்டாயிற்று. அடுத்து, பார்த்ததும் கண்ணில் படுகிற மாதிரி ஒரு பெரிய மீன் வேண்டும் என்று மனசு கேட்கும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கடையில் எதைக் காட்டிக் கேட்டாலும் “எல்லாத்தோடயும் சேரும் சார்” என்றுதான் பதில் வரும். கடைத் தொட்டியைப் பார்த்தால் அது உண்மை போலவே தெரியும். அங்கே இருப்பவை பெரும்பாலும் குஞ்சுகள். நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், சில நாட்களில் விற்றுப்போகும். இடம் பிடித்துக் காவல் காக்க அவற்றுக்கு வயதும் வரவில்லை, அவகாசமும் இல்லை. வீட்டுக்கு வந்து ஆறு மாதம் கழித்துத்தான் மீனின் குணம் தெரியும்.

ஏஞ்சல், டைகர் பார்ப், ஃபைட்டர், கௌராமி நான்கையும் வெவ்வேறு சமயங்களில் நான் வளர்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் சண்டை போடும் காரணம் வேறு. ஒன்று முட்டைக்காக, ஒன்று கூட்டத்துக்குள் தன் இடத்துக்காக, ஒன்று எதிரி என்று நினைத்து. காரணம் தெரிந்துவிட்டால் எதைச் சமாளிக்கலாம், எதை வாங்கவே கூடாது என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

முதலில் ஏஞ்சல். அழகில் இதற்கு ஈடு கிடையாது. அமேசான் ஆற்றுப்படுகை இதன் ஊர். வாங்கும்போது ஐந்து ரூபாய் நாணயம் அளவுதான் இருக்கும், நியானோடு சேர்ந்து நீந்தும். வளர்ந்ததும் உடல் மட்டுமே 15 செ.மீ. வரை வரும், மேலும் கீழும் நீளும் துடுப்போடு பார்த்தால் உயரம் அதைவிட அதிகம். வாயும் அதற்கேற்பப் பெரிதாகும். நியானோ மெலிந்து நீண்ட மீன், முழு வளர்ச்சியில் மூன்று நான்கு செ.மீ. என்னிடம் பன்னிரண்டு நியான் மூன்று வாரத்தில் ஐந்தானது. செத்து மிதந்த ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. ஒருநாள் விடிவதற்கு முன் டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒரு ஏஞ்சலின் வாயோரம் நியான் வால் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. இதைச் சண்டை என்றே சொல்ல முடியாது, அதற்கு அது சாப்பாடு. அதனால் இதற்குப் பழக்கம் என்ற வைத்தியமும் இல்லை. குஞ்சிலிருந்து சேர்ந்து வளர்ந்தால் விட்டுவைக்கும் என்பார்கள். சில தொட்டிகளில் விட்டுவைக்கவும் செய்கிறது. அதை நம்பி நியானைப் பணயம் வைக்க எனக்கு மனம் வராது.

ஏஞ்சலின் உண்மையான சண்டை அப்புறம் வருகிறது. எட்டுப் பத்து மாதத்தில் இரண்டு ஏஞ்சல்கள் ஜோடி சேரும். என் தொட்டியில் அவை தேர்ந்தெடுத்தது ஃபில்டர் குழாயை. இரண்டும் மாறி மாறி அதை வாயால் கொத்திச் சுத்தம் செய்தன, இரண்டு நாள் வேறு வேலையே இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் குழாய் முழுக்க ஊசிமுனை அளவில் முட்டைகள், கோடு போட்டாற்போல் வரிசை வரிசையாக. அன்றிலிருந்து தொட்டியில் முக்கால்வாசி அந்த இரண்டுக்கும்தான். மிச்சமிருந்த மீன்கள் எல்லாம் எதிர்மூலையில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு கையகல இடத்தில் ஒடுங்கி நின்றன. சாப்பாடு போட்டால்கூட நடுப்பக்கம் வரவில்லை. இன்னொரு ஏஞ்சலுக்கு ஒரு பக்கத் துடுப்பு கிழிந்தது. குஞ்சு பொரிக்க இரண்டு மூன்று நாள், அவை நீந்தத் தொடங்க இன்னும் ஐந்தாறு நாள். அதுவரை பெற்றோர் முறைப்பாகத்தான் இருக்கும். முட்டை வீணானால் சில வாரங்களில் மறுபடியும் இடும், மறுபடியும் அதே கதை. ஆண் பெண் பார்த்து வாங்கவும் வழியில்லை, வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. ஏஞ்சல்தான் வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று வையுங்கள், நியானுக்குப் பதில் காங்கோ டெட்ரா மாதிரி உடல் பெருத்த மீனைச் சேருங்கள்.

டைகர் பார்ப் பற்றி எல்லோரும் சொல்வது “வால் கடிக்கும்” என்பது. கடிக்கும்தான். ஆனால் பாதிக் குற்றம் நாம் வாங்கும் எண்ணிக்கையில் இருக்கிறது. இது கூட்டத்துக்குள் யார் மேலே, யார் கீழே என்று நாள் முழுக்கப் போட்டியிடும் மீன். இரண்டு ஆண்கள் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வரும், மூக்கு நுனி சிவந்து தெரியும், சட்டென்று பிரிந்துபோகும். காயம் பெரிதாக இருக்காது. மூன்று மீன்தான் இருக்கிறது என்றால் இந்தப் போட்டி போதாது, அடுத்த மீன் பக்கம் திரும்பிவிடும். நான் முதலில் வாங்கியது மூன்று. ஒரு வாரத்தில் ஏஞ்சலின் வயிற்றடியில் தொங்கும் நூல்துடுப்பு இரண்டும் பாதியாகிவிட்டன. அதே தொட்டியில் பத்தாக்கிய பிறகு துரத்தல் அவற்றுக்குள்ளேயே நடந்தது. ஆனாலும் நீண்ட துடுப்புள்ள மீனோடு பத்து இருந்தாலும் வேண்டாம். சீப்ரா டேனியோ, ரோசி பார்ப் மாதிரி வேகமாக ஓடும் மீன்களோடு மட்டும் சேருங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: பச்சை டைகர், ஆல்பினோ டைகர் என்று தனித்தனிப் பெயரில் விற்பதெல்லாம் இதே இனம்தான், நிறம் மாறியதால் குணம் மாறாது.

பார்ப் கூட்டம்தான் ஆசை, கடி வேண்டாம் என்றால் செர்ரி பார்ப் இருக்கிறது. இலங்கையின் தென்மேற்கில் நிழல் படிந்த ஓடைகளில் வாழ்வது. ஐந்து செ.மீ.க்கு மேல் போகாது, யாரையும் சீண்டாது. பெரிய மீன் என்ற இடத்தை இதனால் நிரப்ப முடியாது, அவ்வளவுதான் குறை.

ஃபைட்டரைப் பொதுத் தொட்டிக்கு நான் சொல்லவே மாட்டேன். பெயரைக் கேட்டு மற்ற மீனுக்காகப் பயப்படுகிறோம், பெரும்பாலும் அடிபடுவது ஃபைட்டர்தான். அவ்வளவு நீளமான வாலை இழுத்துக்கொண்டு அதனால் வேகமாக நீந்த முடியாது. கடிக்கிற மீனிடமிருந்து தப்பவும் முடியாது. வாலை விரித்து வரும் ஆண் கப்பியைப் பார்த்தால் மட்டும் இன்னொரு ஆண் ஃபைட்டர் என்று நினைத்து அடிக்கும். தாய்லாந்து 2019இல் தன் தேசிய நீர்வாழ் உயிரியாக அறிவித்த மீன் ஃபைட்டர். ஒரு ஃபைட்டருக்கு இருபது லிட்டரில் தனித் தொட்டியும் கொஞ்சம் செடியும் கொடுங்கள், அதுதான் அதற்குச் செய்யும் நியாயம்.

கடைசியாகக் கௌராமி. இந்த ஒரு பெயரில் நேர் எதிரான குணங்கள் ஒளிந்திருக்கின்றன. நீலக் கௌராமி, கோல்டு, ஓபலைன் மூன்றும் ஒரே இனம். வளர்ந்த ஆண், தொட்டியே தன்னுடையது என்று சுற்றிச் சுற்றித் துரத்தும். ட்வார்ஃப் கௌராமி நம் கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து மீன். அளவும் நிறமும் அருமை, ஆனால் இரண்டு ஆண்களைச் சேர்க்கக் கூடாது. அதற்கென்றே ஒரு வைரஸ் நோயும் உண்டு, மருந்து கிடையாது. பேர்ல் கௌராமி வேறு மாதிரி. 12 செ.மீ. வரை வளரும், உடலெங்கும் முத்துப்புள்ளி, பக்கவாட்டில் ஒரு கருங்கோடு. ஆணுக்குத் தொண்டையிலிருந்து வயிறு வரை செம்மஞ்சள் ஏறும். முட்டைக்காக நுரைக்கூடு கட்டும் நாட்களில் ஆண் அந்த மூலையை மட்டும் காக்கும். நெருங்கி வருபவரை ஒரு சாண் தள்ளிவிட்டுத் திரும்பிவிடும். ஏஞ்சல் ஜோடியின் அராஜகத்தைப் பார்த்தவனுக்கு இது ஒன்றுமே இல்லை. வாய் சிறியது, வளர்ந்த நியானை விழுங்காது.

அதனால் இந்தத் தொட்டிக்கு என் தேர்வு பேர்ல் கௌராமி: ஓர் ஆண், இரண்டு பெண். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கொளத்தூரில் தேடினால் கிடைக்கும். ஆனால் இது கூச்சமுள்ள மீன், டைகர் பார்ப்போடு போட்டால் ஒளிந்தே கிடக்கும். தண்ணீருக்கு மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சுவிடும் இனம் என்பதால் மேற்பரப்பை முழுக்கச் செடியால் மூடிவிடாதீர்கள், பாதி திறந்திருக்கட்டும். மீதிப் பாதியில் மிதக்கும் செடி இருந்தால்தான் அதற்குத் தைரியம் வரும்.

விடும் முறையும் முக்கியம். சின்ன மீன்கள் முதலில், கௌராமி கடைசியில். விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். நடுவில் ஒரு மரத்துண்டோ உயரமான வாலிஸ்னேரியாப் புதரோ வையுங்கள். துரத்தும் மீன் எதிரியைக் கண்ணால் பார்க்க முடியாத இடம் இருந்தால் துரத்தல் பாதியிலேயே நின்றுவிடும். பிறகும் ஒன்று அடாவடி செய்தால், அடிபடுவதை எடுக்காமல் அடிப்பதை நான்கு நாள் வேறு தொட்டியில் வைத்து, இங்கே கல்லையும் செடியையும் இடம் மாற்றி, அப்புறம் திரும்ப விடுங்கள். அது பிடித்து வைத்திருந்த இடமே இருக்காது.

இப்போது என் தொட்டியில் இருக்கும் ஆண் பேர்ல், புதிதாக எதைப் போட்டாலும் முதலில் அருகில் வந்து நிற்கும். வயிற்றடியிலிருந்து நூல் மாதிரி நீளும் இரண்டு துடுப்புகளையும் முன்னால் நீட்டி, அந்தக் கல்லையோ இலையையோ தடவிப் பார்க்கும். நேற்று ஒரு கோரிடோரஸின் முதுகைத் தடவிப் பார்த்தது. கோரிடோரஸ் நகரவே இல்லை, மேய்ந்துகொண்டே இருந்தது.