ரெடிமேட் ஸ்கிரீனா, தைத்த ஸ்கிரீனா? ஐந்தடி ஜன்னலுக்கு ஒரு கணக்கு

எங்கள் வீட்டில் இரண்டும் தொங்குகின்றன. கூடத்தில் தைத்தது, படுக்கையறையில் பாக்கெட்டில் வாங்கிய ரெடிமேட். யோசித்துச் செய்த ஏற்பாடு இல்லை. கூடத்துக்கென்று வாங்கிய ரெடிமேட் அங்கே பொருந்தாமல் உள்ளே போனது, அவ்வளவுதான்.

கூடத்து ஜன்னல் 5 அடி அகலம், நாலரை அடி உயரம். ரெடிமேட் ஜன்னல் ஸ்கிரீன் ஒரு துண்டு பெரும்பாலும் 4 அடி அகலம், 5 அடி நீளம். ஜோடி வாங்கினால் 8 அடி அகலம் வருகிறதே, 5 அடி ஜன்னலுக்கு அது தாராளம் என்று வாங்கிவிட்டேன். மாட்டிய பிறகு பார்த்தால் மடிப்பே விழவில்லை. கொடியில் காயப்போட்ட போர்வை மாதிரி தட்டையாக நின்றது. கீழே ஒன்றரை அங்குலத்துக்கு ஜன்னல் வேறு தெரிந்தது.

பார்க்க வந்த டெய்லர் அண்ணன் ஒரு வார்த்தைதான் சொன்னார்: “ஜன்னலை ஏன்க்கா அளந்தீங்க? ராடை அளக்கணும்.”

ஜன்னலின் இரு பக்கமும் அரை அடி வெளியே தள்ளித்தான் ராடு மாட்டுவார்கள். அப்போதுதான் திறக்கும்போது துணி சுவரோரம் ஒதுங்கி, காற்றுக்கு வழிவிடும். ஆக, 5 அடி ஜன்னலுக்கு ராடு 6 அடி. அதில் 8 அடித் துணி என்பது ஒன்றேகால் மடங்கைக் கொஞ்சம் தாண்டுகிறது. ரிங் வைத்த ஸ்கிரீனுக்கு (துணியின் மேல் விளிம்பிலேயே வளையம் பதித்து, அதற்குள் ராடு நுழைவது) குறைந்தது ஒன்றரை மடங்கு வேண்டும், இரண்டு மடங்கு இருந்தால்தான் அழகு. சேலைக் கொசுவம் மாதிரி மடித்துத் தைக்கும் பிளீட் என்றால் இரண்டு முதல் இரண்டரை மடங்கு பிடிக்கும்.

உயரத்திலும் இதே கதைதான். ஜன்னலுக்கு மேல் 4 அங்குலத்தில் ராடு என்று பென்சிலில் குறித்து வைத்திருந்தேன். அந்த இடம் லிண்டல், ஜன்னலுக்கு மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட். டிரில் போட்டவர் உள்ளே கம்பியில் இடித்துக்கொண்டு, 6 அங்குலத்துக்கு ஏற்றிவிட்டார். ரிங் ஸ்கிரீனில் மேலே ஒன்றரை அங்குலம் ராடுக்கு மேலேயே நிற்கும். 60 அங்குல ஸ்கிரீன் ராடுக்குக் கீழே தொங்குவது ஐம்பத்தெட்டரைதான். மேலே 6 போனால், 54 அங்குல ஜன்னலை எப்படி மூடும்? ராடை மாட்டி முடிக்காமல் துணி வாங்கவே கூடாது என்று அன்றைக்குத் தெரிந்தது.

சரி, இன்னொரு ரெடிமேட் துண்டு சேர்த்து 12 அடி ஆக்கிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 6 அடி ராடு நடுவில் தொய்யாமல் இருக்க ஒரு பிராக்கெட் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி ரிங் நகராது. மூன்று துண்டில் நடுத்துண்டு எந்தப் பக்கம் போவது? நான்கு வாங்கினால் ஒதுக்கும்போது இரு பக்கமும் மூட்டை கட்டி வைத்தது போல் ஆகிவிடும். தைப்பதென்றால் இந்தச் சிக்கலே இல்லை. 4 அடி அகலத் துணி மூன்றை ஒன்றரை, ஒன்றரையாகப் பிரித்து இரண்டு துண்டாகத் தைத்துவிடுவார்கள். எனக்குத் தையலை முடிவு செய்தது இந்த பிராக்கெட்தான்.

துணிக் கணக்கு இப்படி வந்தது: மேலே ஒன்றரை, ராடிலிருந்து ஜன்னல் வரை 6, ஜன்னல் 54, கீழே தொங்க 6, மொத்தம் அறுபத்தேழரை. மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் 10 சேர்த்தால் எழுபத்தேழரை அங்குலம், ஏறக்குறைய 2 மீட்டர். 48 அங்குல அகலத் துணியில் மூன்று நீளம், 6 மீட்டர். பெரிய பூ டிசைன் என்றால் பூவும் பூவும் சேர வேண்டும், ஒவ்வொரு நீளத்துக்கும் கூடுதலாக எடுக்க வேண்டியிருக்கும். நான் கோடு போட்ட துணியோடு நிறுத்திக்கொண்டேன்.

கரூர்ப் பக்கத்துப் பருத்தித் துணி எடுத்தேன். பருத்தியைத் தைப்பதற்கு முன் ஒரு முறை நனைத்துக் காயவைப்பது முக்கியம். 3 சதவீதம் சுருங்கினாலே 5 அடியில் கிட்டத்தட்ட 2 அங்குலம் போய்விடும். ரெடிமேடில் பெரும்பாலும் பாலியஸ்டர், அது சுருங்காது, சாயமும் லேசில் போகாது. ஆனால் காற்றடிக்கும்போது பருத்தி அசைகிற அசைவு அதற்கு வராது. இது என் ஆசை, உங்கள் வீட்டில் துவைப்பவரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரெடிமேடைக் குறை சொல்லியே முடித்துவிட முடியாது. படுக்கையறை ஜன்னல் நாலுக்கு நாலு. ராடு 5 அடி. 8 அடித் துணி ஒன்றரை மடங்குக்கு மேலேயே வந்துவிட்டது. அங்கே ராடு 4 அங்குலத்திலேயே உட்கார்ந்தது. 48 அங்குல ஜன்னலைத் தாண்டி ஆறரை அங்குலம் கீழே தொங்குகிறது. அந்த அளவு ஜன்னலுக்குத் தையல் கூலி கொடுப்பது வீண். போதாததற்கு அது நடுவில் கறுப்பு நூல் வைத்து நெய்த இருட்டுத் துணி. (கூடத்துக்கு அது எதற்கு என்றால், மத்தியானம் டிவி பார்க்க.) மேற்குப் பார்த்த அறைக்கு இப்போது அது சரியாக இருக்கிறது. வெளிச்சம் நிற்கிறது, வெக்கை அவ்வளவாக நிற்பதில்லை. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலை உள்பக்கத் துணி எவ்வளவுதான் தடுக்கும்? வெளியே ஒரு மூங்கில் தட்டி கட்டிய பிறகுதான் மாலையில் அங்கே உட்கார முடிந்தது.

வாசல் ஸ்கிரீனுக்கு 7 அடி ரெடிமேட் போதும். 7 அடி நிலைக்கு மேல் ராடு போவதால் தரையிலிருந்து நாலைந்து அங்குலம் மேலே நிற்கும். முழுதாகத் தரையைத் தொட வேண்டும் என்பவர்கள் 9 அடி வாங்கிக் கீழே வெட்டித் தைக்கச் சொல்லலாம். தினமும் மாப் போடுகிற வீட்டில் எனக்கு அந்த நாலு அங்குலம்தான் பிடித்திருக்கிறது.