பிரஜ்வல் சம்பங்கிக் கிழங்கு: பீடத்துக்குப் பூ வளர்ப்பவர்களுக்கு

கிறிஸ்தவக் கோயில் பீடத்துக்கென்று வீட்டில் பூ வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் ஜெர்பராவிலும் ஒட்டு ரோஜாவிலும் காசை விடாமல், பிரஜ்வல் ரகச் சம்பங்கிக் கிழங்கு வாங்கி நடுங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைந்த ஒன்று கிழங்குக்கு இல்லை, அதை விற்கிற விதத்துக்கு.

பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், ஷ்ருங்கார், மெக்சிகன் சிங்கிள் என்ற இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்த்து உண்டாக்கிய ரகம் இது. ஒற்றை அடுக்குப் பூ. மொட்டில் லேசாக ரோஸ் ஓடியிருக்கும், விரிந்தால் வெள்ளை. தண்டு நீளமாக, விறைப்பாக நிற்கும். பீடத்து ஜாடிக்கு வேண்டியது அதுதானே. மிஞ்சினதை உதிரியாகப் பறித்து மாலையும் கட்டலாம். அடுக்குச் சம்பங்கி பார்க்க லட்சணம்தான், ஆனால் எங்கள் வீட்டில் பாதி மொட்டு விரியாமலே வாடிப்போகும்.

வாங்கும்போது கிழங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒன்று 25 முதல் 30 கிராம் இருக்க வேண்டும், அதாவது கிலோவுக்கு 35, 40 கிழங்கு நிற்கும். சின்னதை நட்டால் முதல் வருஷம் பெரும்பாலும் இலையைத்தான் பார்க்கலாம். ஆன்லைனில் நான் வாங்கிய பொட்டலத்தில் பாதி சுண்டைக்காய் அளவு. மீதியில் சிலது அழுகி நாற்றமடித்தது. கேட்டதற்கு, உயிருள்ள பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். உயிருள்ளதென்று தெரிந்தவர்கள் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையிலா கட்டி அனுப்புவார்கள்? அப்புறம், பழைய சம்பங்கிக் கொல்லையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு விவசாயியிடம் நேரில் போய் வாங்கினேன். அவர் தோண்டின கிழங்கை உடனே தரவில்லை. ஒரு மாதம் நிழலில் உலர்த்திய பிறகுதான் கொடுத்தார். கிழங்கு தெரிந்தவர் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

பாளையங்கோட்டைப் பக்கம் எங்களுக்குச் செம்மண். ஆனி, ஆடியில் நல்ல வெயில் படும் இடத்தில் மேட்டுப்பாத்தி போட்டு நட்டால் மூன்று, நான்கு மாதத்தில் தண்டு வரும். மண்ணுக்குள் இருந்து வேரைத் தாக்கும் நூற்புழுதான் பெரிய எதிரி. வேர் முடிச்சு முடிச்சாகிவிடும். அதைத் தடுக்க அடியில் வேப்பம் புண்ணாக்கு, ஓரத்தில் செண்டுப்பூ. மேட்டுப்பாத்தி இல்லையென்றால் ஐப்பசி மழையில் கிழங்கு அழுகும்.

‘காட்டுப்புஷ்பங்கள் உழைக்கிறதுமில்லை, நூற்கிறதுமில்லை’ என்ற வசனத்தை என் மதினி அடிக்கடி சொல்லுவாள், நான் களை எடுக்கும்போது திண்ணையில் உட்கார்ந்துகொண்டு. காட்டுப்புஷ்பம் உழைக்காது சரி, வீட்டுப் புஷ்பத்துக்கு யாராவது குனியத்தானே வேண்டும்!

இந்தக் கிழங்கில் எனக்கு ரொம்பப் பிடித்தது பூ இல்லை. ஒரு கிழங்கு ஒரே ஒரு தடவைதான் பூக்கும். பூத்து முடிந்ததும் அதன் வேலை தீர்ந்தது. அதற்குள் சுற்றிலும் குட்டிக் கிழங்குகள் விட்டிருக்கும், அடுத்த பூ அவற்றிலிருந்துதான். இரண்டு, மூன்று வருஷம் கழித்துத் தோண்டினால் மண்வெட்டியில் ஒரு கொத்தே வரும்: நடுவில் காய்ந்து சுருங்கிய தாய், பழுப்புத் தோலை உரித்தால் அதைச் சுற்றி வெள்ளையாகப் பிள்ளைகள். நட்டது ஒரு கிழங்கு, கையில் இருப்பது ஒரு கூட்டம். அத்தனையையும் திரும்ப நட என் பாத்தியில் இடம் கிடையாது. கொடுத்துத்தான் ஆக வேண்டும். உக்கிராணத்துவத்தை, அதாவது கடவுள் ஒப்படைத்ததைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வதைப் பற்றி எங்கள் சபை போதகரான ஐயர் செய்த பிரசங்கங்கள் நிறையக் கேட்டிருக்கிறேன். இது என்னுடையதல்ல, பார்த்துக்கொள்ளக் கொடுக்கப்பட்டது என்று அந்தக் கொத்தைப் பிரிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இயேசு சொன்ன உவமையில், நம்பிக் கொடுத்த தாலந்துப் பணத்தை மண்ணில் புதைத்தவனைத்தான் எஜமான் கடிந்துகொண்டார். சம்பங்கியைப் புதைத்தால் தப்பில்லை போலும்.

போன அறுப்பின் பண்டிகையில் ஒரு கூடைக் கிழங்கை ஏலத்துக்கு வைத்தோம். ஏலம் எடுத்தவர் மறுபடியும் ஏலத்துக்கே விட்டார். கடைசியில் ஐயரின் மனைவி ஐயரம்மா எடுத்து, கேட்ட வீடுகளுக்கெல்லாம் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். இப்போது பீடத்துப் பூ ஒரே வீட்டின் தலையில் விழுவதில்லை. யார் வீட்டில் தண்டு விட்டிருக்கிறதோ அவர்கள் கொண்டுவருகிறார்கள்.

அடியில் ஒன்றிரண்டு பூ விரிந்த தண்டாகப் பார்த்து சனிக்கிழமை விடியற்காலையில் வெட்டி, உடனே தண்ணீரில் போட வேண்டும். சாயங்காலம் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை அண்ணன் கதவைத் திறந்துவிட்டதும் பித்தளை ஜாடியில் வைத்துவிடலாம். பூ அடியிலிருந்து மேலே ஒவ்வொன்றாக விரியும். தினமும் தண்ணீரை மாற்றி, தண்டின் அடி நுனியைக் கொஞ்சம் நறுக்கி, வாடினதைக் கிள்ளிவிட்டால் வார நடுவில் ஜெபக்கூட்டத்துக்கும் ஆகும். மின்விசிறிக்கு நேர் கீழே மட்டும் வைக்காதீர்கள். கடையில் பூ வாங்கிய காலத்தில் அதைக் குத்திவைக்கப் பச்சை ஃபோம் கட்டி ஒன்று வரும். அது பிளாஸ்டிக், மக்காது. நொறுங்கின தூள் கோயில் பின்புறக் குழியில் இன்னும் கிடக்கிறது. ஏதேன் தோட்டத்தைப் ‘பண்படுத்தவும் காக்கவும்’ மனுஷனைத் தேவன் வைத்தார் என்று வேதத்தில் வாசித்துவிட்டு அந்தக் குழியைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். விறைத்த தண்டுக்கு ஃபோம் தேவையே இல்லை.

மாடியில் வளர்ப்பவர்களுக்கு நட்சத்திரம் மூன்றுதான். பையில் பூக்கும், ஆனால் தண்டு குட்டையாகவே வருகிறது. குட்டி கட்டவும் இடம் போதாது. தரை இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். வாங்குமுன் உங்கள் சபையில் யார் வீட்டிலாவது சம்பங்கி இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் காசு கொடுத்து வாங்கவே வேண்டியிராது.