கார்ட்டுக்கு ஹொண்டா ஜீஎக்ஸ்200: புகை குறைஞ்சது சரி, ஒயில் எங்க போகுது?

கார்ட்டுக்கு, அதுதான் ரேஸ் ஓடுற அந்தச் சின்ன நாலு சில்லு கோ-கார்ட்டுக்கு, என்ன எஞ்சின் போடலாம் எண்டு இஞ்ச பெடியள் அடிக்கடி கேக்கிறதால எழுதுறன். சுத்தி வளைக்காமச் சொல்லுறதெண்டா ஹொண்டா ஜீஎக்ஸ்200 போடுங்கோ, 5க்கு 4 குடுப்பன். அந்த ஒண்டை ஏன் வெட்டினனான் எண்டது கீழ வருது, அது எஞ்சின்ர பிழையும் இல்லை.

மச்சான்ர கார்ட்டில முந்திக் கிடந்தது ஒரு பழைய 100 சீசீ ரூ-ஸ்ரோக். யாழ்ப்பாணத்து உரும்பிராயில தெரிஞ்ச ஆக்களின்ர வளவுக்குள்ள சீமெந்து போட்ட பெரிய தளம் ஒண்டு இருக்கு, பின்னேரங்களில அதில தான் ஓட்டம். பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால எட்டி "தம்பியவை, உடுப்புக் காயப் போட்டிருக்கு, கொஞ்சம் பொறுங்கோவன்" எண்டு சொல்லாத நாளில்லை. நியாயம் தானே, கொடியில கிடந்த வேட்டி, சால்வை எல்லாம் ஒயில் மணம், காத்தில்லாத நாளில அந்த நீலப் புகை வேலியைத் தாண்டாம அங்கயே நிக்கும்.

ரூ-ஸ்ரோக்கில பெற்றோலுக்குள்ளயே ஒயிலைக் கலந்து ஊத்துறது, அது அரையும் குறையுமா எரிஞ்சு பின்னால வரும், சரி அது எல்லாருக்கும் தெரியும். பெரிய சங்கதி என்னெண்டா புதுக் கலவை சிலிண்டருக்குள்ள வாற நேரம் புகை போற வழியும் திறந்து தான் கிடக்கும், அதால காபரேற்றர் போட்ட ரூ-ஸ்ரோக்கில உள்ள வாற பெற்றோலில கால்வாசிக்குக் கிட்ட எரியாமலே சைலன்சரால போயிடும். 2022 தட்டுப்பாட்டில கியூஆர் காட்டி மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் வாங்கின சனம் நாங்கள், அதில ஒரு லீற்றரைச் சும்மா காத்தில விடுறதெண்டா யோசிச்சுப் பாருங்கோ. ஜீஎக்ஸ்200 மாதிரி ஃபோர்-ஸ்ரோக்கில உள்ள வாறதுக்கும் வெளிய போறதுக்கும் தனித்தனி வால்வு, ஒயில் எஞ்சின்ர அடித்தொட்டியில தனிய நிக்குது, அவ்வளவு தான் வித்தியாசம், ஆனா புகையில அது வடிவாத் தெரியுது. அன்ரியும் இப்ப எட்டிப் பாக்கிறேல்லை.

ஓட்டம் எப்பிடி எண்டா, 196 சீசீ, 5.5 குதிரைவலு, வேகம் மிஞ்சாமப் பாக்கிற கவர்னர் நிமிசத்துக்கு 3600 சுத்தில பிடிச்சு வைச்சிருக்கும். ரேஸ் கார்ட்டுக்குப் போடுற 125 சீசீ ரூ-ஸ்ரோக், ரொட்டக்ஸ் மக்ஸ், 30 குதிரைவலு அடிக்கிறது, அதோட இதை ஒப்பிட வேண்டாம். ரூ-ஸ்ரோக்கின்ர கிறீச் எண்ட சத்தத்துக்குப் பழகின மச்சான் முதல் நாள் இறங்கி "இது வெங்காயத்துக்கு இறைக்கிற மெசினடா" எண்டான், பகிடி என்னெண்டா அது உண்மையும் கூட, எங்கட தோட்டங்களில நிக்கிற ஹொண்டா இறைப்பு மெசினில கனக்க இதே ஜீஎக்ஸ் குடும்பம் தான். ஆனா வளைவால வெளிய வரேக்க கீழ் சுத்திலயே இழுவை இருக்கு, பிளக் ஊறிப்போய் நிண்டுபோற கரைச்சல் இல்லை, கயிறை ஒருக்கா இழுத்தாப் பிடிக்கும். மணித்தியாலத்துக்கு முழு ஓட்டத்தில 1.7 லீற்றர், 92 பெற்றோலே காணும். கவர்னரைக் கழட்டினா ஸ்பீட் வரும் எண்டு சில பெடியள் கழட்டுறாங்கள், தயவு செய்து வேண்டாம், பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற கொனெக்டிங் ரொட் முறிஞ்சு எஞ்சின் கேஸை உடைச்சுக்கொண்டு வந்தா காலுக்குப் பக்கத்தில தான் வரும்.

இது வாடகைக் கார்ட்டுக்கு மட்டும் எண்டும் நினைக்காதேங்கோ. கனடாவில, அமெரிக்காவில பிரிக்ஸ் அன் ஸ்ட்ராட்டன் எல்ஓ206 எண்ட 204 சீசீ ஃபோர்-ஸ்ரோக்குக்கு எண்டே தனி ரேஸ் வகுப்பு நடக்குது, எஞ்சின் ஃபக்டறியிலயே சீல் பண்ணி வரும், காசுள்ளவன் உள்ள நோண்டி வெல்லேலாது. என்ர கணிப்பில கார்ட் ரேஸ் மிஞ்சி நிக்கப் போறதெண்டா இந்தப் பக்கத்தால தான்.

இப்ப அந்த ஒரு மார்க். ஜீஎக்ஸ்200 இல 0.6 லீற்றர் ஒயில் நிக்கும். முதல் 20 மணித்தியாலத்தில ஒருக்கா, பேந்து 100 மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்லிக் கிடக்கு, கார்ட்டில ஓடுறவை அதைவிட வெள்ளன மாத்துவினம். எஞ்சினைச் சரிச்சு கீழ் நட்டைக் கழட்ட ஐஸ்கிறீம் பெட்டிக்குள்ள கறுப்பா, இரும்புத் தூள் மினுங்க இறங்கும், அதை என்ன செய்யிறது? எங்கட ஊர் வழக்கம் தெரியும் தானே, கறையானுக்கு எண்டு பனஞ்சிலாகைக்குப் பூசுறது, மிச்சத்தை வேலிக்கரையில ஊத்துறது. ரூ-ஸ்ரோக் ஒயிலைக் காத்துக்கு விட்டுது, இதில நாங்கள் நிலத்துக்கு விடுறம். கீழ சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்தும், மேல ஊத்துறது கிணத்துக்குப் போகக் கனநாள் எடுக்காது, எங்களுக்குக் குடிக்கிறதுக்கு ஆறும் இல்லை. சுன்னாகத்துப் பக்கம் கிணறுகளில எண்ணெய் மிதந்து சனம் தண்ணி பவுசருக்குக் காத்து நிண்டதைப் பாத்த பிறகும் வேலிக்கரையில ஊத்துறவனுக்கு நான் என்ன சொல்ல. நாங்கள் மூடி இறுக்கின கானில சேர்த்துக் கழிவு ஒயில் எடுக்கிற சேவிஸ் சென்ரரில குடுக்கிறம், அதுவும் கேட்டு அலைஞ்சு தான் இடம் பிடிச்சது, ரெண்டு இடத்தில "அந்தக் கானுக்குள்ள ஊத்திவிடு தம்பி" எண்டாங்கள், கான் எண்டது வாய்க்கால்!

புகை தெரியேல்லை எண்டு மூடின கொட்டிலுக்குள்ளயும் ஓட வேண்டாம். கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, இந்தச் சின்ன எஞ்சினுகளில அதைப் பிடிக்கிற கன்வேட்டரும் இல்லை. மண்டபத்துக்குள்ள ஓட ஆசையெண்டா பற்றரிக் கார்ட் தான் சரி, நுரைச்சோலை நிலக்கரிக் கரண்டில சார்ஜ் பண்ணினாலும் மண்டபத்துக்குள்ள புகை வராது, ஆனா விலையும் பற்றரிப் பாரமும் இப்ப எங்களுக்குச் சரிவராது.

கடைசியா வாங்கப்போற ஆக்களுக்கு. இறைப்பு மெசினில கழட்டின எஞ்சின் மலிவா வரும், வாங்க முதல் சாஃப்டை, எஞ்சினால வெளிய வந்து சுத்துற தண்டை, பாருங்கோ. பம்புக்கு வாறது முனையில மரை போட்டிருக்கும், அதில கார்ட் கிளட்ச் ஏறாது. சாவி இருக்கக் காடி வெட்டின நேர் சாஃப்ட், முக்கால் இஞ்சி, அது தான் வேணும்.